மெதடிஸ்ட் சபையில் சேரச் சொல்கிறார் போதகர் ஐயர்: நாங்கள் லுத்தரன் குடும்பம், அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது, என்ன செய்யலாம்?

மல்லானூர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குப்பம் பக்கம் இருக்கிறோம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சரக்கு எடுக்கப் பங்காரப்பேட்டை போனால் கன்னடம். நான் பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தில். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல், அதாவது விசுவாசத்தை நானே சபை முன் அறிக்கை செய்தது. ஞானோபதேசக் கேள்வி பதிலை அப்பா விடிகாலையில் எழுப்பி ஒப்பிக்கச் சொல்வார், இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதலில் பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்குப் போய் ஆராதனையில் கலந்துகொண்டோம். பிள்ளைகள் வளர வளர அது நின்றுபோனது.

நான்கு வருஷமாக இங்கே ஒரு சின்ன மெதடிஸ்ட் சபைக்குப் போகிறோம். அறுபது எழுபது பேர் வருவார்கள். ஆராதனை தெலுங்கில், மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் மட்டும் தமிழில். நான் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவேன், முடிந்ததும் கடை திறக்க ஓடிவிடுவேன். போன வருஷம் எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேர்கூடச் சரியாகத் தெரியாத அந்தச் சபை ஜனங்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தார். அந்தக் கஞ்சிப் பாத்திரத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அது அடுக்களையில் கண்ணில் படும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

போன மாதம் ஐயர் வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ணி முடித்துவிட்டு, "நீங்கள் சபையில் சேர்ந்துவிடலாமே" என்றார். என் மனைவிக்குச் சம்மதம். எனக்குத்தான் தயக்கம். மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்களா? ஊர்ச் சபையில் மாற்றுக் கடிதம் (வேறு சபையில் சேரத் தரும் சான்று) கேட்டால், பதினோரு வருஷச் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்று ஒருவர் போனில் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது, தெலுங்கில் "வந்தனாலு" தவிர ஒரு வார்த்தை வராது, சேரும்போது சபை முன் சொல்கிற வாக்கை, உடன்படிக்கையை, அவர் எப்படிச் சொல்வார்? எல்லாவற்றுக்கும் மேலே, தாத்தாவின் கல்லறை அந்த ஊர்க் கோயில் வளாகத்தில் இருக்கிறது. இங்கே பேர் எழுதினால் அவரை விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கவயல்_பேரன் எழுதியது:

அண்ணே, முதல் கேள்விக்கு நேராகப் பதில்: மறுஞானஸ்நானம் கிடையாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்த ஞானஸ்நானத்தை மெதடிஸ்ட் சபை ஏற்றுக்கொள்கிறது. லுத்தரனில் எடுத்ததோ, சிஎஸ்ஐயில் (தென்னிந்தியத் திருச்சபை) எடுத்ததோ, கத்தோலிக்கத்தில் எடுத்ததோ, ஒருமுறை எடுத்தது எடுத்ததுதான். அவர்களுடைய 25 விசுவாசப் பிரமாணங்களில் 17ஆவது ஞானஸ்நானத்தைப் பற்றியது, சிறு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை விடக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தெளிப்பதும், ஊற்றுவதும், முழுக்குவதும் மூன்றும் அங்கே செல்லும்.

நான் கோலார் தங்கவயல். தாத்தா சாம்பியன் ரீஃபில் சுரங்க வேலை பார்த்தவர், அப்பாவும் 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடும்வரை அங்கேதான். இங்கே பல சபைகள் தமிழ்ச் சபைகளாக வளர்ந்தன, ஏனென்றால் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஜனம். ஏர்பிளாஸ்ட், அதாவது சுரங்கத்துக்குள் பாறை வெடிக்கிற சத்தம் கேட்டால் லைன் வீடுகளில் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு, சுரங்கத்தில் இறங்கும் இடத்துக்கு, ஓடுவார்கள் என்று பாட்டி சொல்வார். எந்த வீட்டு ஆள் மேலே வரவில்லையோ, அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி சபையார் உட்கார்ந்திருப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெதடிஸ்ட் இயக்கம் தொடக்கத்திலேயே சுரங்கக்காரர்களோடு ஒட்டி வளர்ந்தது. இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டலில் வெட்டவெளியில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தபோது, கேட்க வந்து நின்றவர்களில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏராளம். டிசம்பர் 31 ராத்திரி நாம் கூடுகிறோமே விழிப்பு ஆராதனை, மெதடிஸ்டுகளுக்குள் அந்தப் பழக்கம் அவர்களிடமிருந்து வந்தது. முன்பு ராத்திரி முழுக்க சாராயக்கடையில் கிடந்தவர்கள், அந்த ராத்திரிகளை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். இது தெரிந்த நாளிலிருந்து வருஷக் கடைசி ஆராதனையில் தாத்தா ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

அப்புறம், உங்களைக் கடைசி பெஞ்சிலிருந்து யாரும் துரத்தவில்லை, சேராமலே காலம் முழுக்கப் போகலாம். ஆனால் கஞ்சிப் பாத்திரம் பற்றி எழுதினீர்கள் பாருங்கள், அங்கே உங்கள் பதில் கிட்டத்தட்ட இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நகரி_நெசவு எழுதியது:

சகோதரர் மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சண்டைக்கு இல்லை.

நானும் குழந்தை ஞானஸ்நானம் பெற்றவன்தான். இருபத்துநான்கு வயதில் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் என்று வேதம் சொல்லும் வரிசையில் விசுவாசம் முதலில் வருகிறது. கைக்குழந்தை எதை விசுவாசித்தது? இந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை மனசு ஒப்புகிற பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் மெதடிஸ்ட் சபையில் உறவினர் பலர் இருந்தும் நான் சேரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியம்மா அந்தச் சபைதான். அவர்கள் ராப்போஜனத்துக்கு (திருவிருந்துக்கு) நான் போனபோது, நீ எந்தச் சபை, பேர் எழுதியிருக்கிறாயா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மனந்திரும்பி ஆண்டவரிடம் வருகிற எல்லாரும் வாருங்கள் என்று அழைத்தார்கள். முழங்காலில் நின்றபோது அழுதுவிட்டேன். எங்கள் கூடுகையில் வெளியாட்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

பலமநேர்_டீச்சர் எழுதியது:

தம்பி மல்லானூர், நான் முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் டீச்சர், அதில் பாதிக்கு மேல் சபையில் திடப்படுத்தல் வகுப்பும் எடுத்திருக்கிறேன். சேரும் முறையை நடப்பது நடக்கிறபடி சொல்கிறேன்.

முதலில் சில வாரங்கள் போதனை இருக்கும். நீங்கள் ஏற்கனவே திடப்படுத்தல் ஆனவர் என்பதால் அது சுருக்கமாக முடியலாம், ஆனாலும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து அமெரிக்க மெதடிஸ்ட் ஒழுங்கில் ஆறு மாதம் சோதனைக் காலம் வைத்திருந்தார்கள், அந்த ஆறு மாதமும் ஒருவர் எப்படி நடக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று கூட இருந்து பார்ப்பார்கள். இன்றைக்கு அவ்வளவு இல்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளும், புதிதாக வருகிறவர்களும் ஆயத்த அங்கத்தினர் என்று பதிவேட்டில் இருப்பார்கள், உடன்படிக்கை சொன்ன பிறகு முழு அங்கத்தினர்.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில் முன்னால் வந்து நிற்பீர்கள். பாவத்தை விட்டுத் திரும்புகிறீர்களா, இயேசு கிறிஸ்துவை உங்கள் ஆண்டவராகவும் இரட்சகராகவும் அறிக்கை செய்கிறீர்களா, இந்தச் சபையை உங்கள் ஜெபத்தாலும் வருகையாலும் காணிக்கையாலும் ஊழியத்தாலும் தாங்குவீர்களா என்று ஐயர் கேட்பார். அதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இடம் அதற்கு அடுத்து வருகிறது. சபையாரும் எழுந்து நின்று உங்களுக்கு வாக்குக் கொடுப்பார்கள். உங்களை ஏற்றுக்கொண்டு, உங்களுக்காக ஜெபித்து, உங்களைத் தாங்குவோம் என்று. அதன் பிறகு ஐயர் வலதுகை கொடுத்துச் சேர்த்துக்கொள்வார். இரண்டு பக்கமும் வாக்கு கொடுத்தாகிவிட்டது. நாளைக்கு நீங்கள் நான்கு ஞாயிறு வரவில்லை என்றால் வீட்டுக்கு வந்து கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, அவர்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. இப்போது நான்கு வருஷமாக உங்களுக்கு இல்லாதது இந்த உரிமைதான்.

அம்மா விஷயம். உடன்படிக்கையை ஒருவர் எந்த மொழியில் ஜெபம் பண்ணுகிறாரோ அந்த மொழியில்தான் சொல்ல வேண்டும். புரியாத மொழியில் ஆமென் சொல்ல வைத்துவிட்டு அதை வாக்கு என்று எப்படிச் சொல்வது? தமிழ் ஒழுங்குப் புத்தகம் இருக்கிறது, வேப்பேரி இம்மானுவேல் மெதடிஸ்ட் சபை மாதிரிப் பழைய தமிழ்ச் சபைகள் சென்னையில் இருக்கின்றன, பெங்களூரிலும் இருக்கின்றன. உங்கள் ஐயரிடம் தைரியமாகக் கேளுங்கள். இந்த எல்லைப் பக்கத்து ஊழியம் தெரிந்தவர் யாரும் மறுக்க மாட்டார்.

வேலூர்_ரோடு எழுதியது:

நான் சித்தூர், சிஎஸ்ஐ, முன்பு எங்கள் கமிட்டியில் பொருளாளராக இருந்தவன். மாற்றுக் கடிதம் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு.

போனில் யாரோ ஒருவர் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது அந்தச் சபையின் போதகரிடம், அதுவும் எழுத்தில். இன்னும் நல்லது, உங்கள் மெதடிஸ்ட் ஐயரே அந்தப் போதகருக்கு நேராக ஒரு கடிதம் எழுதுவது. இன்னார் இத்தனை வருஷமாக எங்களோடு ஆராதிக்கிறார், அவருடைய ஞானஸ்நானத் தேதியும் திடப்படுத்தல் தேதியும் பதிவேட்டிலிருந்து எடுத்து அனுப்புங்கள் என்று. போதகரும் போதகரும் பேசிக்கொண்டால் முக்கால்வாசி முடிச்சு அவிழ்ந்துவிடும். சந்தா பாக்கி என்பது சபை வரவு செலவுக் கணக்கு. அதை வைத்து ஒருவருடைய ஞானஸ்நானச் சான்றை நிறுத்தி வைப்பது என் மனசாட்சிக்குச் சரியாகப் படவில்லை, நான் பொருளாளராக இருந்தபோதும் செய்ததில்லை. ஆனால் நீங்களாக ஒரு தொகையை நன்றிக் காணிக்கையாக அந்தச் சபைக்குக் கொடுத்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும். உங்களை வளர்த்த சபை.

கடிதம் வரவே இல்லை என்றாலும் கதவு அடைபடாது. வேறு சபைப் பிரிவிலிருந்து வருகிறவர், சான்று இல்லாவிட்டாலும், விசுவாசத்தை அறிக்கை செய்து சேர வழி இருக்கிறது.

இன்னொன்று, நம் ஆட்களே நிறையப் பேர் குழப்பிக்கொள்வது: சிஎஸ்ஐக்குள்ளும் மெதடிஸ்ட் இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சிஎஸ்ஐ உருவானபோது பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைகள் அதில் கலந்துவிட்டன. ராயப்பேட்டை வெஸ்லி சர்ச் அப்படித்தான் சிஎஸ்ஐ. 1856இல் வில்லியம் பட்லர் வந்து தொடங்கிய அமெரிக்க மெதடிஸ்ட் வழி அதில் சேரவில்லை, அதுதான் 1981இல் இந்திய மெதடிஸ்ட் சபை என்று தன்னாட்சி பெற்றது. உங்கள் சபை இரண்டில் எது என்று போர்டைப் பாருங்கள், அதற்கு ஏற்றபடி ஒழுங்கு கொஞ்சம் மாறும்.

மல்லானூர் எழுதியது:

போர்டில் இந்திய மெதடிஸ்ட் சபை என்றுதான் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

டீச்சர் சொன்ன "இரண்டு பக்கமும் வாக்கு" என்பதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில், "அப்படின்னா நான் செத்தா அவங்க வருவாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்கு அதுதான் கவலை என்றே எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவீர்களா, இங்கேயா, யார் பாட்டுப் பாடுவார்கள், தமிழில் பாடுவார்களா என்று அடுக்கிக்கொண்டே போனார். கல்லறைத் தோட்டத்தில் இடம் விஷயம் எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

தங்கவயல்_பேரன் எழுதியது:

அண்ணே, அது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொதுத் தோட்டம். சில இடங்களில் சபைக்கென்று தனி நிலம், அங்கே அங்கத்தினர் பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் சபைச் செயலாளரிடம் நேரில் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம், எல்லாரும் கேட்பதுதான். கல்யாண ஓலையை (திருமண அறிவிப்பை) மூன்று ஞாயிறு வாசிப்பதும், கமிட்டித் தேர்தலில் ஓட்டும் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான்.

ஆனால் அம்மா கேட்டது இடத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வெஸ்லி காலத்தில் நடந்த ஒன்று சொல்கிறேன். 1742இல் பிரிஸ்டலில் ஜெபக்கூடம் கட்டிய கடன் அடைக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார் ஃபாய் என்ற ஒரு கப்பல் கேப்டன். ஏழைகள் அதற்குக்கூட வழியில்லாதவர்கள் என்று மற்றவர்கள் சொன்னதும், பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், இருப்பதிலேயே ஏழைகளாக இருந்தாலும் சரி, வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நான் போட்டுக்கொள்கிறேன் என்றார். மற்றவர்களும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனபோதுதான், யார் வீட்டில் நோய், யார் குடியில் விழுந்துவிட்டான், யார் வீட்டில் சண்டை என்று தெரியவந்தது. கடன் வசூல் அப்படியே ஆத்தும விசாரிப்பாக மாறிப்போனது. பன்னிரண்டு பேர் ஒரு வகுப்பு, ஒரு தலைவர், வாரம் ஒருமுறை உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்ற கேள்வி. அடுத்த வருஷம், 1743இல், பொது விதிகள் எழுதினார்கள்: தீமை செய்யாதே, உன்னால் முடிந்த நன்மை எல்லாம் செய், தேவன் ஏற்படுத்திய ஆராதனை, ஜெபம், திருவிருந்து எதையும் விடாதே. சேருவதற்குக் கேட்ட ஒரே நிபந்தனை, பாவத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற ஆசை. ஆசை போதும், பெரிய பரிசுத்தவானாக வர வேண்டியதில்லை.

உங்களுக்கு ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்தவர்கள் இதே பழக்கத்தில் வந்தவர்கள்.

வி_கோட்டை எழுதியது:

நான் இதுவரை இந்தப் பக்கத்தில் படிக்க மட்டும்தான் செய்வேன். இன்றைக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது.

நாங்களும் இருபது வருஷமாக ஒரு சபைக்குப் போகிறோம். அப்பா பாடல் புத்தகம் இல்லாமல் நூறு பாட்டுப் பாடுவார். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் பேரும் பதிவேட்டில் இல்லை, ஞானஸ்நானமும் எடுக்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் பட்டியல் சாதி. கிறிஸ்தவனாகப் பேர் எழுதினால் ஆந்திராவில் பிசி-சி (கிறிஸ்தவரான பட்டியல் சாதியினருக்கான பிற்படுத்தப்பட்டோர் பிரிவு), அதில் இடஒதுக்கீடு ஒரு சதவீதம். என் தங்கை படித்துக்கொண்டிருக்கிறாள். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், ஞானஸ்நானம் எடுத்து சர்ச்சுக்குப் போய்வந்தவர் எஸ்சி சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அப்பா பேப்பரில் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராப்போஜனத்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அப்பா தலை குனிந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். இருபது வருஷம். யாராவது கேட்டால் முழங்கால் வலி என்பார். மல்லானூர் அண்ணன், உங்களுக்குக் கடிதம் வந்தால் போதும், மொழி சரியானால் போதும். சேர முடிகிறவர்கள் சேர்ந்துவிடுங்கள். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பலமநேர்_டீச்சர் எழுதியது:

வி.கோட்டை தம்பி, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன்.

சாதி நம்மை விட்டுப் போகவில்லை, குடிசையும் மாறவில்லை, கும்பிடும் பேர் மாறியதும் சலுகை மட்டும் போய்விடுகிறது. இது அநியாயம் என்று சபைகள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அதில் வாழ்கிறீர்கள். பொய் எழுதி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தைரியம் இல்லையா என்று கேட்கவும் மாட்டேன். அப்படிக் கேட்கிற பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறேன், அப்படிப் பிரசங்கித்த யாருக்கும் அப்படி ஒரு தங்கை இல்லை.

ஆனால் அப்பா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ராப்போஜனம் எடுக்காதவர்களும் முன்னால் வந்து முழங்காலில் நிற்கலாம், ஐயர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் சொல்வார். உங்கள் போதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எங்கள் சபையில் பல வருஷமாகச் செய்கிறோம். ஒரு பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள்.

நகரி_நெசவு எழுதியது:

ஞானஸ்நானம் பற்றி மேலே நான் எழுதியதில் மாற்றம் இல்லை. ஆனாலும் வி.கோட்டை சகோதரர் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, தண்ணீர் எவ்வளவு என்று வாதாட இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. அவருக்காக ஜெபிக்கிறோம்.

மல்லானூர் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். போன ஞாயிறு சேர்ந்துவிட்டோம்.

வேலூர் ரோடு அண்ணன் சொன்னபடி எங்கள் ஐயரே ஊர்ப் போதகருக்கு எழுதினார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. என் ஞானஸ்நானத் தேதி, மனைவியுடையது, அம்மாவுடையது எல்லாம் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதி, கீழே சபை முத்திரை. சந்தா பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நாங்களே குடும்பமாகப் போய் ஆராதனையில் உட்கார்ந்து, நன்றிக் காணிக்கை போட்டுவிட்டு, தாத்தா கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தோம். அம்மா அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பஸ்ஸில் திரும்பும்போது, "அவரும் வேற ஊர்ல இருந்து வந்து சேர்ந்தவர்தானே" என்றார். அது எனக்குத் தெரியாது. தாத்தா பிறந்தது வேறு சபை, கல்யாணத்துக்குப் பிறகுதான் லுத்தரன் ஆனாராம். இத்தனை வருஷம் நான் தூக்கிச் சுமந்த பாரம் குப்பம் வருவதற்குள் இறங்கிவிட்டது.

உடன்படிக்கை அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஐயர் ராயலசீமாக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. யாரையாவது வாசிக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். எங்களிடம் தெலுங்கில் கேட்டு முடித்ததும் அங்கியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தமிழ்க் கேள்விகள் முழுவதையும் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அம்மாவின் முன்னால் வந்து, அவர் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். ழகரம் வரும் இடங்களில் நின்று நின்று, இரண்டாவது முறை சரியாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போனார். அம்மா ஒவ்வொரு கேள்விக்கும், "ஆம், தேவனுடைய ஒத்தாசையால் செய்வேன்" என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு சபையார் எழுந்து தெலுங்கில் வாக்குச் சொன்னார்கள். அம்மாவுக்கு அதில் எது புரிந்ததோ தெரியாது, ஆனால் திரும்பி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி கொண்டுவந்த அம்மா மூன்றாவது வரிசையில் நின்றார்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், வெறும் பாத்திரமாக இல்லை, என் மனைவி அதிரசம் சுட்டு நிறைத்துக் கொடுத்தாள்.

பதிவேட்டில் அம்மா பேரை ஐயர் தெலுங்கில் எழுதினார், பக்கத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். இனி வியாழக்கிழமை வீட்டு ஜெபம் சுற்று முறையில் எங்கள் வீட்டுக்கும் வரும், முதல் முறை வரும் வியாழன். தமிழில் நடத்தலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார்.

தங்கவயல்_பேரன் எழுதியது:

அண்ணே, பாட்டியிடம் இதைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்.

வருஷத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உங்கள் சபையில் வைத்தால் கட்டாயம் போங்கள். 1755இல் வெஸ்லி தொடங்கியது. நான் எனக்குச் சொந்தம் அல்ல, உமக்கே சொந்தம், என்னை வேலைக்கு வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் உம்முடைய சித்தம் என்கிற பொருளில் சபை முழுவதும் சேர்ந்து ஜெபிக்கும். இந்த வருஷம் அம்மாவுக்குத் தமிழில் கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

வி_கோட்டை எழுதியது:

அண்ணே, டீச்சர் சொன்னதை எங்கள் போதகரிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார். இரண்டு ஞாயிறாக அப்பா முன்னால் போகிறார்.

வியாழக்கிழமை ஜெபம் எத்தனை மணிக்கு? தமிழில் என்றால் தானும் வரலாமா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

மல்லானூர் எழுதியது:

ஏழு மணிக்கு. முடிய ஒன்பது ஆகிவிடும், அந்த நேரத்துக்குத் திரும்பிப் போக பஸ்ஸை நம்ப வேண்டாம், ராத்திரி இங்கேயே தங்கிவிடுங்கள். அப்பா என்ன பாட்டுப் பாடுவார் என்று அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.